மரண இரயில் பாதையில் ஒரு பயணம்

பழைய இரயிலில் ஏறிச் சென்று வருவது பலருக்கும் உல்லாசம்தான். ஆனால், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஓடும் இரயிலை வெறும் உல்லாசமாக எடுத்துக்கொள்ள மலேசியத் தமிழரால் முடியாது. தோட்டப்புறங்களில் 'சயாமுக்குப் போனவர்' என்றால் திரும்பி வராதவர் என்றே பொருள்.

பேங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து நாம் தோக் வரை தினமும் மூன்றாம் வகுப்பு இரயில் ஓடுகிறது. திறந்த சன்னல், மின்விசிறி, மெதுவான ஓட்டம். இழுப்பது டீசல் இயந்திரமே. நீராவி இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் குவாய் பாலத்தின் அருகில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாலத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வளைந்த மேற்புறமுள்ள இரும்புத் தூலங்கள் போர்க்காலத்தில் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. நடுவில் நேர்க்கோடாக நிற்கும் இரண்டும், குண்டுவீச்சில் உடைந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைக்கப்பட்டவை. இப்பாலத்துக்கு உலகப் புகழ் தேடித்தந்த 1957ஆம் ஆண்டுத் திரைப்படமோ இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது! ஆற்றுக்கும் முன்பு வேறு பெயர். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் 'குவாய் எங்கே' என்று கேட்கவே, 1960களில் அந்தப் பகுதிக்கு குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள்.

பாலத்தைத் தாண்டிச் சில நிலையங்கள் சென்றால் தாம் கிராசே வருகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு. நடுவே மரக்கால்களின் மேல் நிற்கும் பாதையில் இரயில் ஊர்ந்து செல்கிறது. சன்னல் வழியே கையை நீட்டினால் பாறையைத் தொட்டுவிடலாம். பயணிகள் ஆரவாரத்தோடு படம் பிடிக்கும் இடம் இது. 1943இல் இதைக் கட்டியபோது பொறிகள் குறைவு. சுத்தியலும் உளியும் மனிதத் தோளும்தான்.

415 கிலோமீட்டர் பாதையை 1942க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் ஜப்பானியர் கட்டி முடித்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டி அழைத்தார்கள்; ஆள் போதாதபோது பிடித்தே ஏற்றினார்கள். பசியும் மலேரியாவும் வாந்திபேதியும் கூட்டங்கூட்டமாக அவர்களைக் கொன்றன.

காஞ்சனபுரி நகரில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர். பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்த தகடு. புல்வெளியைப் பராமரிக்கும் அழகைப் பாராட்டத்தான் வேண்டும். அருகிலேயே 2003இல் திறக்கப்பட்ட அரும்பொருளகம், ஆசியத் தொழிலாளர்களின் கதையையும் சொல்கிறது. ஆனால் பெயர்கள்?

போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எங்கே இறந்தார், எங்கே புதைத்தோம் என்பதை மறைவாகக் குறித்து வைத்தார்கள். போர் முடிந்தவுடன் 1945இலேயே ஒரு குழு பாதை நெடுகச் சென்று புதைகுழிகளைத் தேடியது. தோட்டத் தொழிலாளருக்குக் குறிப்பு எழுத யாரும் இல்லை. வாந்திபேதியில் இறந்தவர்களை ஒரே குழியில் தள்ளினார்கள், அல்லது எரித்தார்கள். பாதைத் திறப்பு விழாவில் ஓடிய சி 5631 இயந்திரத்துக்குக் கிடைத்த கவனிப்பைப் பாருங்கள்: 1979இல் ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டு, தோக்கியோவின் யாசுக்குனி அரும்பொருளகத்தில் பளபளவென்று நிற்கிறது.

காஞ்சனபுரியிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்னும் புத்தர் கோயிலில், பெயர் தெரியாத தொழிலாளர்களின் எச்சங்கள் அடக்கப்பட்டுள்ளன. தமிழர்களுக்கென ஒரு நடுகல் அங்கே எழும்ப 2023ஆம் ஆண்டு ஆகிவிட்டது. 80 ஆண்டுத் தாமதம்! சுற்றுலாக் குழுவோடு போகிறவர்கள், பாலத்தில் படம் எடுக்கும் நேரத்தில் பாதியை இங்கே செலவிடலாம். புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம், சயாமுக்குப் போன தாத்தா, பெரியப்பா யார், எந்தத் தோட்டம், எந்த லயத்திலிருந்து கிளம்பினார் என்று கேட்டு எழுதிக்கொள்வது இன்னும் நல்லது. அந்தப் பட்டியல் எந்த அரும்பொருளகத்திலும் முழுமையாக இல்லை. குடும்பங்களின் வாய்மொழியில் மட்டுமே மிச்சமிருக்கிறது.

இரயில் நாம் தோக்குடன் நின்றுவிடும். அதற்கப்பால் பர்மா எல்லை வரை இருந்த தண்டவாளத்தைப் போருக்குப் பின் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். சாலை வழியே மேலும் சென்றால் 'நரக நெருப்புக் கணவாய்' வரும். பாறையைப் பிளந்து வெட்டிய அந்தப் பள்ளத்துக்குள் இன்று நடந்துதான் போக வேண்டும்.