ஆளைப் பார்த்து எழுதிய இசை

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் ஓர் அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், மனமுவந்து தந்தார்கள். ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனும் அவருடன் இசை எழுதிவந்த பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து எழுதிய ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ அது. 1966 டிசம்பரில் நியூயார்க்கில் மூன்றே நாட்களில் பதிவானது. மறு ஆண்டு ஆர்சிஏ விக்டர் வெளியிட்டது. ஒன்பது உருப்படிகள். முழுதும் கேட்க முக்கால் மணி நேரம் போதும்.

அதற்கான விதை 1963இல் விழுந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தச் செப்டம்பரில் எலிங்டன் குழுவை டமாஸ்கஸுக்கு அனுப்பியது. அம்மான், காபூல், தில்லி, சென்னை, பம்பாய், கொழும்பு, டெஹ்ரான், பாக்தாத் என்று பயணம் நீண்டது. புறப்பட்ட சில நாட்களிலேயே, செப்டம்பர் 15 அன்று, அலபாமாவின் பர்மிங்காமில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். தன் நாட்டின் பெருமையைச் சொல்லப் போன கறுப்பினக் கலைஞரிடம் பத்திரிகையாளர்கள் நிறவெறியைப் பற்றிக் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? அந்தச் சுமையோடுதான் அவர் மேடை ஏறினார். தில்லியில் உடல்நிலை கெட்டு மருத்துவமனையிலும் படுத்தார். நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டபோது குழு துருக்கியில் இருந்தது. பயணம் அத்தோடு நின்றது.

1964 தொடக்கத்திலேயே நான்கு உருப்படிகள் மேடைக்கு வந்துவிட்டன. ஆனால் இசைத்தட்டுக்கு அவர்கள் அவசரப்படவில்லை. கேட்டதெல்லாம் உள்ளே ஊறட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1966இல் மேற்கில் சிதார் மோகம் உச்சத்தில் இருந்தது. ஒரு சிதாரையும் தபலாவையும் சேர்த்திருந்தால் தட்டு கூடுதலாகவே விற்றிருக்கும். இவர்கள் சேர்க்கவில்லை. நான்கு டிரம்பெட், மூன்று டிராம்போன், ஐந்து சாக்ஸபோன் - கிளாரினெட் கலைஞர்கள், பியானோ, பாஸ், டிரம்ஸ்: தங்களிடம் இருந்த பதினைந்து பேரை வைத்தே எழுதினார்கள். கேட்ட இசைக்கு அவர்கள் செய்த மரியாதை இது என்றே நினைக்கிறேன். இரண்டு மாதப் பயணத்தில் கற்றுவிட்டதாகப் பாவனை செய்யாமல், தங்கள் மொழியிலேயே பதில் சொன்னார்கள்.

அந்தப் பதிலை அவர்கள் எழுதிய விதம் புரிய ஒரு கேள்வி: அரேஞ்சர் என்பவரின் வேலை என்ன? மெட்டு ஒன்று இருக்கும். அதை யார் வாசிப்பது, அடியில் எந்த ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது, எங்கே எல்லோரும் அடங்குவது என்று முடிவு செய்து தாளில் எழுதிக் கொடுப்பது. மற்றக் குழுக்களின் நோட்ஸில் ‘இரண்டாம் டிராம்போன்’ என்பதுபோல வாத்தியத்தின் பெயர் இருக்கும். எலிங்டன் குழுவின் தாளில் வாசிப்பவரின் பெயரே இருக்கும். ஆளைப் பார்த்து எழுதுவது அவர்கள் வழக்கம்.

இந்த இசைத்தட்டில் உள்ள ‘ஆக்ரா’வைக் கேளுங்கள். தாஜ்மகால் என்றதும் எவரும் புல்லாங்குழலைத்தான் தேடுவார்கள். இவர்களோ பெரும் கனம் கொண்ட பாரிட்டோன் சாக்ஸபோனை ஹாரி கார்னியிடம் கொடுத்தார்கள். 1927இல், பதினேழு வயதில் சேர்ந்தவர் கார்னி. பதிவின்போது எலிங்டனுடன் அவருக்கு முப்பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். அவருடைய அகன்ற, கரகரப்பான நாதத்தில் அழகைவிட அந்தக் கல்லின் எடையும், அதை எழுப்பியவனின் துக்கமும்தான் முதலில் வருகின்றன. ‘அமத்’தில் லாரன்ஸ் பிரௌனின் டிராம்போன் பாங்கொலிபோல் எழுகிறது. ‘புளூபேர்ட் ஆஃப் தில்லி’யில் ஸ்ட்ரேஹார்ன் தில்லியில் கேட்ட மைனாவின் குரல் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்டுக்கு வந்திருக்கிறது. குழு எந்தப் பக்கம் போனாலும் மைனா தன் பாட்டுக்கு அதே சொல்லைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது ‘இஸ்ஃபஹான்’. ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோன் மேலிருந்து இறங்கும் ஒரு பிடியோடு தொடங்குகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் தாவுவதில்லை. நம் வித்வான்களின் ஜாருபோல இழைந்து இறங்குகிறார். ஓரிடத்தில் குழு சட்டென்று ஒதுங்கி அவரைத் தனியே விடுகிறது. அந்த ஒதுங்கலையும் ஒருவர் தாளில் எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். உண்மையில் இது பயணத்துக்கு முன்பே ஸ்ட்ரேஹார்ன் எழுதியது. அப்போது பெயர் ‘எல்ஃப்’. ஈரானிய நகரத்தின் பெயர் பின்னால் வந்தது. இதைச் சொல்லிச் சிலர் குறை காண்பார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த மெட்டு ஹாட்ஜஸின் மூச்சை நம்பிப் பிறந்தது, ஊரை நம்பி அல்ல.

கடைசி உருப்படியான ‘ஆட் லிப் ஆன் நிப்பான்’, 1964இல் ஜப்பான் போய் வந்த பிறகு பிறந்தது. பதினொரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. எலிங்டனின் பியானோ வாசிப்பை விரும்புவோருக்கு விருந்து. எனக்கு மற்ற எட்டும்தான் நெருக்கம்.

இசைத்தட்டின் முழுத் தலைப்பில் எலிங்டன் பெயர் மட்டுமே உண்டு. ஸ்ட்ரேஹார்ன் 1939 முதல் அவருடன் எழுதியவர். குழுவின் அடையாளப் பாடலான ‘டேக் தி ஏ டிரெயின்’ அவருடையதே. அப்படிப்பட்டவரின் பெயர் தலைப்பில் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தட்டு வெளியான 1967ஆம் ஆண்டிலேயே, மே 31 அன்று, புற்றுநோயால் இறந்தார். வயது ஐம்பத்தொன்று. சில மாதங்களில் எலிங்டன் குழுவைக் கூட்டி, அவருடைய உருப்படிகளை வைத்து இன்னோர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். மருத்துவமனையில் இருந்தபடி ஸ்ட்ரேஹார்ன் எழுதி முடித்த கடைசி உருப்படி ‘பிளட் கவுண்ட்’ அதில் இருக்கிறது. அதையும் ஹாட்ஜஸ்தான் வாசித்தார்.