டாஷ்போர்டில் இருந்த ரிவால்வர்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் எடுத்திருக்கிறோம். பேச்சு அப்படியே இருக்கிறது.)

ஆலங்குடியிலிருந்து பேசுகிறேன். குரு கோயில் ஆலங்குடி இல்லீங்க, அது திருவாரூர் மாவட்டம். கூகுள் மேப்பை நம்பி இங்கே வந்து நின்று, "குரு பகவான் சன்னதி எந்தப் பக்கம்?" என்று கேட்கிறவங்க இன்னமும் இருக்காங்க. இது புதுக்கோட்டை ஆலங்குடி. நான் இங்கே வக்கீல்.

போன தடவை பட்டா மாறுதல் பற்றிப் பேசினேன். அதைக் கேட்டுவிட்டு ஒருத்தர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சார், என்கிட்ட லைசென்ஸ் ரிவால்வர் இருக்கு. பேங்குக்கோ கோர்ட்டுக்கோ போறப்ப உள்ள கொண்டு போக முடியாது. கார்லயே வெச்சுட்டுப் போறேன். கார்ல எங்க வெச்சா சட்டப்படி சரி?"

நியாயமான கேள்வி. முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உங்க உடம்போடு இருக்கணும், இல்லையென்றால் வீட்டில் பூட்டுக்குள் இருக்கணும், இல்லையென்றால் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது உங்க கையில் இருக்கணும். நாலாவதாக கார் என்று ஒரு இடம் நம்ம சட்டத்தில் கிடையாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அதற்கு எங்க வீட்டுக் கதை ஒன்று இருக்கு.

என் தாய்மாமா தேங்காய் மண்டி வைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் பணத்தோடு பட்டுக்கோட்டைப் பக்கம் போய் வருவார். அதைக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்கினார். .32 ரிவால்வர், ஆறு தோட்டா போகும். அதை வைத்து அவர் யாரையும் மிரட்டியதில்லை, சுட்டதும் இல்லை. ஆனால் அது கூட இருந்தால் ஒரு தெம்பு.

கஜா புயலுக்கு அடுத்த வருஷம், 2019. பாராளுமன்றத் தேர்தல். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கி வைத்திருக்கிறவங்க ஸ்டேஷனில் ஒப்படைக்கணும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமாவும் ஒப்படைத்தார். மே 23 அன்று ஓட்டு எண்ணி முடித்தார்கள். அதற்கப்புறம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் போய்த் திரும்ப வாங்கினார். வாங்கினவர் நேராக வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்றைக்கு ஒரு பத்திரப் பதிவும் இருந்தது. காரில் உட்கார்ந்தபடியே தோட்டாவை ஏற்றினார். டாஷ்போர்டைத் திறந்து, ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் காகிதம், விபூதிப் பொட்டலம், அதுக்கு நடுவில் ரிவால்வரை வைத்து மூடினார். பத்திர ஆபீஸ் வாசலில் இறங்கிக்கொண்டார். டிரைவரிடம், "வர ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று மட்டும் சொன்னார். டாஷ்போர்டில் என்ன இருக்கு என்று சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் சும்மா நிற்பானேன் என்று டிரைவர் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டுட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர்மேல் என்ன தப்பு?

அங்கே வேலை பார்த்தது பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜ் திறக்கும்வரை கைச்செலவுக்கு வந்திருந்த பையன். உள்ளே வேக்குவம் போட்டுத் துடைக்கிறவன் டாஷ்போர்டையும் திறந்து துடைப்பான்தானே. திறந்தான். எடுத்தான். கனமாக இருந்ததாம். கூட வேலை பார்த்த இன்னொரு பையனைப் பார்த்து நீட்டியிருக்கான், விளையாட்டுக்கு. கடைக்காரர் சாமர்த்தியசாலி. கத்தவில்லை. "தம்பி, அதை அப்படியே சீட்ல வையி"ன்னு மெதுவாகச் சொல்லியிருக்கார். அவன் வைத்ததும் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு, சோப்புத்தண்ணி பக்கெட்டைக் கொட்டி, அதையே துப்பாக்கி மேல் கவிழ்த்து மூடிவிட்டு எனக்குப் போன் பண்ணினார். மாமா வண்டி என்று அவருக்குத் தெரியும்.

நானும் மாமாவும் போனோம். மாமா சிலிண்டரைத் திறந்து காட்டினார். ஐந்து தோட்டா இருந்தது. "பாரு மாப்ளே, ஹேமருக்கு நேரா இருக்க ரூமைக் காலியாத்தான் வெச்சிருக்கேன். வெடிக்காது" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். இதே நம்பிக்கையில் நிறையப் பேர் இருக்காங்க. ஹேமருக்கு நேரான அறையைக் காலியாக விடுவது, பழைய காலத்து ரிவால்வர் கீழே விழுந்து அடிபட்டால் வெடிக்காமல் இருக்க வந்த பழக்கம். டிரிக்கரை இழுத்தால் கதை வேறே. இப்போது வருகிற ரிவால்வரில் டிரிக்கரை இழுக்க இழுக்க சிலிண்டர் சுற்றி அடுத்த அறை ஹேமருக்கு நேராக வந்து நிற்கும், அப்புறம்தான் ஹேமர் அடிக்கும். அந்த அடுத்த அறையில் தோட்டா இருந்தது. பையன் டிரிக்கரில் விரலை வைத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

சட்டத்துக்கு வருவோம். ஆயுதச் சட்டம் 1959, அதன் கீழ் ஆயுத விதிகள் 2016. விதிகளில் 32-ஆவது, பொது இடத்தில் எப்படிக் கொண்டு போகணும் என்பது. கைத்துப்பாக்கி என்றால் உடம்போடு சேர்ந்த உறையில் இருக்கணும், அல்லது பையில் இருக்கணும். முழுசாக மூடியிருக்கணும். கொண்டு போகிறவருடைய கட்டுப்பாட்டில் இருக்கணும். இந்தக் கடைசி வார்த்தைதான் எல்லாம். நீங்க பத்திர ஆபீஸுக்குள்ளே, துப்பாக்கி வாட்டர் சர்வீஸில் என்றால் அது யார் கட்டுப்பாடு? விதியை மீறினால் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். லைசென்ஸ் நிபந்தனையை மீறியதற்குச் சட்டத்தின் 30-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2,000 ரூபாய்தானே என்று சிரிக்காதீங்க. அந்தப் பையன் செத்திருந்தால் இதோடு நிற்காது. அஜாக்கிரதையால் மரணம் என்று தனி வழக்கு வரும். இன்றைய பாரதிய நியாய சம்ஹிதாவில் 106-ஆவது பிரிவு, ஐந்து வருஷம் வரை.

சரி, டிரைவர் நிலைமை? லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்றால், லைசென்ஸ்காரர் கூடவே இருக்கணும், அல்லது எழுத்துமூலம் அனுமதி கொடுத்திருக்கணும். அதுவும் ரிப்பேர், லைசென்ஸ் புதுப்பிப்பு, அவருடைய உபயோகம் என்று சில காரணங்களுக்கு மட்டும்தான். மாமா எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. வழியில் சோதனை நடந்து துப்பாக்கி அகப்பட்டிருந்தால், தெரியாமல் வைத்திருந்தேன் என்று டிரைவர்தான் கோர்ட்டில் வாதாடணும். தெரிந்து வைத்திருப்பதுதான் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலேயே சொல்லியிருக்கு. அதனால் கடைசியில் விடுதலை ஆகலாம். அதுவரை ஜாமீன், வாய்தா, வக்கீல் ஃபீஸ் எல்லாம் மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற மனுஷன் தலையில். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: பொருள் கையில் இல்லாமல் வேறே இடத்தில் இருந்தாலும், அதன்மேல் அதிகாரம் உங்களுக்கு இருந்தால் அது உங்க உடைமைதான். அதனால், "நான் அங்க இல்லீங்களே" என்று மாமாவும் தப்பிக்க முடியாது.

அமெரிக்காவில் இருக்கிற நம்ம ஊர்க்காரங்க கேட்கலாம், இங்கே பெட்டியில் பூட்டி காரில் வைக்கிறோமே என்று. உண்மைதான். கொலராடோ மாநிலத்தில் 2025 ஜனவரி முதல், ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கி இருந்தால் அது பூட்டிய பெட்டிக்குள், வெளியே தெரியாதபடி இருக்கணும் என்று சட்டமே இருக்கு. கார்களிலிருந்து துப்பாக்கி திருட்டு அங்கே அவ்வளவு. அங்கே சட்டம் காரை ஒரு இடமாக ஒத்துக்கொண்டு, எப்படி வைப்பது என்று சொல்கிறது. இங்கே அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி வாங்கி வைத்தேன் என்பது உங்க கவனத்துக்கு ஒரு சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான்.

இருந்தாலும் பெட்டி பற்றிச் சொல்கிறேன். திடீரென்று ஆஸ்பத்திரிக்குள் ஓட வேண்டிய நிலைமை யாருக்கும் வரும். கனமான தகட்டில் செய்த சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு இரும்புக் கேபிள், கேபிள் சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் சுற்றியிருக்கணும். கேபிள் இல்லாத பெட்டி, திருடனுக்கு நீங்க பேக் பண்ணிக் கொடுத்த மாதிரி. டாஷ்போர்டு பூட்டை நம்பாதீங்க, அதுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். டிக்கி என்கிறாங்க. நம்ம பக்கம் ஓடுகிற பாதி வண்டி பொலேரோவும் இன்னோவாவும். அதில் தனி டிக்கி எங்கே இருக்கு? பெட்டியில் வைக்கிற வேலையையும் வண்டியை நிறுத்திய இடத்தில் செய்யாதீங்க. பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது விளம்பரம். ஆளில்லாத இடத்தில் முன்னாடியே முடித்துவிட்டு வாங்க.

தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் வைக்கணும். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டி, ஆறு அறையையும் விரலால் தடவிப் பாருங்க. பிஸ்டல் என்றால் முதலில் மேகசினைக் கழற்றணும், அப்புறம் ஸ்லைடை இழுத்து உள்ளே ஒன்று நிற்குதா என்று பார்க்கணும். வரிசையை மாற்றினால், அதாவது ஸ்லைடை இழுத்துவிட்டு மேகசினைக் கழற்றினால், இழுத்தபோதே இன்னொரு தோட்டா உள்ளே ஏறியிருக்கும். காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீங்க. தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் போடாமல் உங்க பாக்கெட்டில் எடுத்துக்கொண்டு போங்க. வெயிலில் நிற்கிற காரில் தோட்டா தானாக வெடித்துவிடும் என்று ஒரு பயம் இருக்கு. அப்படி வெடிக்காது. ஆனால் நம்ம ஏப்ரல் மே வெயிலில் அடிக்கடி அப்படிக் கிடந்தால் மருந்து கெட்டுப்போகும்.

பாக்கெட்டில் போட்ட தோட்டாவை மறந்துடாதீங்க என்பதையும் சேர்த்துச் சொல்லணும். 2024 ஜூனில் சென்னை விமான நிலையத்தில் நடிகர், முன்னாள் எம்.எல்.ஏ. கருணாஸ் பையில் 40 தோட்டா இருந்தது பேப்பரில் எல்லாம் வந்ததே. அவருக்கு லைசென்ஸ் இருக்கு, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று விளக்கம் கொடுத்தார். அதே வருஷம் அக்டோபரில் மும்பையில் நடிகர் கோவிந்தா, ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் தன் ரிவால்வர் வெடித்துத் தன் காலிலேயே குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டிலுமே கெட்ட எண்ணம் இல்லை. அவசரம்தான்.

எங்கெங்கே கொண்டுபோகக் கூடாது என்பது லைசென்ஸிலேயே அச்சடித்திருக்கும். யாரும் படிப்பதில்லை. சந்தை, திருவிழா, சாமி ஊர்வலம், மக்கள் கூடுகிற இடம், பள்ளி கல்லூரி வளாகம். வன்னியன்விடுதி ஜல்லிக்கட்டுக்கு இடுப்பில் செருகிக்கொண்டு போனாலும் தப்பு, காரில் விட்டுவிட்டுப் போனாலும் சிக்கல். அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்க. காணாமல் போனால் உடனே பக்கத்து ஸ்டேஷனில் சொல்லணும். "ரெண்டு நாள் தேடிப் பார்ப்போம்" என்று இருந்துவிட்டால், அந்த இரண்டு நாளில் அது எங்கே வெடித்தாலும் முதலில் உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க.

நம்ம மாவட்டத்துக்குத் துப்பாக்கி என்றால் என்ன என்று தெரியும். 2021 டிசம்பர் 30, நார்த்தாமலை. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து வந்த குண்டு, தள்ளி ஒரு வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் பட்டது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி இறந்துபோனான். அது ரைஃபிள், கைத்துப்பாக்கி அந்தத் தூரம் போகாதுதான். ஆனால் பயிற்சி பெற்ற ஆட்கள், அதற்கென்றே கட்டிய தளம், அங்கேயே அப்படி ஆகியிருக்கு. வாட்டர் சர்வீஸில் எதிரே நின்ற பையன் எத்தனை அடி தள்ளி இருந்திருப்பான்? ஆறு அடி?

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பீங்க. ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் அடிபடவில்லை, கடைக்காரர் புகார் கொடுக்கவில்லை. "விடு மாப்ளே, வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்" என்றார் மாமா. விட்டுவிட்டேன். வக்கீலாக அது சரியா என்று கேட்டால் சரியில்லை. அதற்கப்புறம் மாமா துப்பாக்கியை வெளியே எடுக்கவில்லை. பீரோவில் தனி லாக்கர் வைத்துப் பூட்டினார், தோட்டா வேறே அறையில். அடுத்த முறை புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோது, "வேணாம்ப்பா" என்று ஒரு ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தை அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.

இன்னொன்று. அன்றைக்கு சாயந்தரம் அந்தப் பையன் கோர்ட் வாசலில் எனக்காக நின்றிருந்தான். "அண்ணே, அதுல குண்டு இருந்துச்சா?" என்று கேட்டான். முகம் வெளிறிப்போய் இருந்தது. "இல்லடா, காலித் துப்பாக்கி, போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போ அவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். ஊர்க்காரன் பேசுகிறான் என்று இந்த நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கிறான், மெசேஜும் போடுவான். தம்பி, அன்னைக்கு நான் உன்கிட்ட பொய் சொன்னேன். அதுல அஞ்சு இருந்துச்சு.

அடுத்த வாரம், வாரிசுச் சான்றிதழ். கேள்விகளைக் குரல் பதிவாகவே அனுப்புங்க. வணக்கம்.