300 டாலர் செம்புக் குழாய்: பணம் எதற்குப் போகிறது?



மின்சிகரெட் பழக்கம் உள்ளவர்களிடையே ‘மெக்கானிக்கல் மாட்’ என்றொரு கருவி உண்டு. சுருக்கமாக ‘மெக் மாட்’ என்பார்கள். பார்ப்பதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகக் குழாய். செம்பிலோ பித்தளையிலோ கடைந்தது. அடியில் ஒரு பொத்தான், நடுவில் ஒரு பேட்டரி, தலைப்பக்கம் திரவத்தைச் சூடாக்கும் காயில். அவ்வளவுதான். ஆனால் பேர்பெற்ற பட்டறைகளிலிருந்து வருவதற்கு 200, 300 டாலர், அதற்கு மேலும் விலை சொல்கிறார்கள். அந்த விலைக்கு அது தகுமா என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து கணக்குப் பார்க்கப் போகிறேன்.

முதலில் இது எப்படி வந்தது என்று பார்ப்போம். இன்றைய மின்சிகரெட்டுக்கு 2003ஆம் ஆண்டில் வடிவம் கொடுத்தவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். முதலில் சந்தைக்கு வந்த கருவிகள் சிகரெட் அளவிலேயே இருந்தன. அவற்றின் சின்ன பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆவியும் போதாது. இதில் திருப்தி இல்லாத ஆர்வலர்கள் டார்ச் லைட் போன்ற குழாய்களில் பெரிய பேட்டரியைப் போட்டுத் தாங்களே கருவி செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் கிரீஸிலும் பிலிப்பைன்ஸிலும் அது ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. லேத்தில் கடைந்து, மெருகேற்றி, வேலைப்பாடு செதுக்கி, வரிசை எண் பொறித்து, குறைந்த எண்ணிக்கையில் விற்றார்கள். சீனாவில் அதே வடிவத்தை நகலெடுத்துப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்றார்கள்.

அசலுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் ரசிகர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, நல்ல உலோகம் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்துவதால் ஆவி அதிகம் வரும் என்பது. மற்றொன்று, உள்ளே கெட்டுப்போக எதுவும் இல்லாததால் ஆயுள் முழுக்க உழைக்கும் என்பது. இரண்டையும் உரசிப் பார்ப்போம்.

செம்பு பித்தளையைவிடச் சுமார் நான்கு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். இது உண்மை. ஆனால் 7 சென்டிமீட்டர் நீளத்தில், 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு குழாயை எடுத்துக்கொண்டால், செம்பாக இருந்தால் அதன் மின்தடை ஒரு மில்லி ஓமில் நூறில் ஒரு பங்கு. பித்தளையாக இருந்தால் நூறில் மூன்று, நான்கு பங்கு. இந்தக் கருவிகளில் போடும் பேட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த பேட்டரிக்கு உள்ளேயே பத்து, இருபது மில்லி ஓம் தடை இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் செம்புக்கும் பித்தளைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமே இல்லை. உண்மையில் மின்சாரம் வீணாவது பொத்தான் தொடும் இடத்திலும் மரை சேரும் இடத்திலும்தான். அங்கே அழுக்கும் களிம்பும் சேராமல் துடைத்து வைத்தால் சாதாரணக் குழாயும் ஏறக்குறைய அதே அளவு ஆவி தரும். ஆகவே கூடுதல் ஆவிக்காக விலையுயர்ந்த உலோகம் வாங்குகிறேன் என்பது கணக்கில் நிற்காது.

இன்னொன்றையும் பாருங்கள். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட் கொடுக்கும். காயிலின் தடை 0.3 ஓம் என்றால், கிட்டத்தட்ட 59 வாட் சூடு. பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது அதே காயிலில் 41 வாட்தான் கிடைக்கும். காலையில் வாங்கிய ஆவி மாலையில் இருக்காது. எத்தனை டாலர் கொடுத்தாலும் மெக் மாடில் இதை மாற்ற முடியாது. பேட்டரி தருவதை அப்படியே காயிலுக்கு அனுப்புவதுதான் அதன் அமைப்பு. 60, 70 டாலருக்குக் கிடைக்கும், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் உள்ள கருவியோ, நாம் வைத்த அளவில் சூட்டை ஒரே சீராகக் காத்துத் தருகிறது.

ஆயுள் முழுக்க உழைக்கும் என்ற வாதம் பாதி உண்மை. குழாய் உழைக்கும்தான். ஆனால் செலவு குழாயோடு முடிவதில்லை. பேட்டரியை மாற்ற வேண்டும், காயிலையும் அதற்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், திரவம் வாங்க வேண்டும். இந்தச் செலவு மலிவான கருவிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் ஒன்றுதான்.

இனி, நான் மிகவும் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். அது பாதுகாப்பு.

சர்க்யூட் உள்ள கருவியில் ஒரு சின்னப் பலகை காயிலின் தடையை அளக்கிறது. ஷார்ட் இருந்தால் வேலை செய்ய மறுக்கிறது. பேட்டரி மிகவும் இறங்கினால் நிறுத்துகிறது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் தானே துண்டிக்கிறது. மெக் மாடில் இவை எதுவும் இல்லை. வீட்டில் ஃபியூஸ் இல்லாமல் கம்பத்திலிருந்து நேராக வயர் இழுத்ததைப் போன்ற அமைப்பு அது. 300 டாலர் கொடுத்தாலும் அந்த ஃபியூஸ் சேர்ந்து வராது.

கணக்கு எளிமையானது. 4.2 வோல்ட்டைக் காயிலின் தடையால் வகுங்கள். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். நல்ல நிறுவனங்கள் செய்யும் 18650 பேட்டரிகள் தொடர்ந்து தாங்கக்கூடியது 20 முதல் 30 ஆம்பியர் வரைதான். மேல் உறையில் அதிக அளவு அச்சிட்ட போலி பேட்டரிகளும் சந்தையில் உண்டு. எல்லை மீறினால் பேட்டரி கொதித்து, தன் சூட்டிலேயே மேலும் மேலும் சூடேறி, வாயுவைக் கக்கும். அந்த வாயு வெளியேறப் போதிய துளை இல்லையென்றால், கெட்டியான உலோகக் குழாயே வெடித்துச் சிதறும்.

காயிலைச் சரியாகக் கட்டினாலும் வேறு வழிகளில் ஆபத்து வரலாம். பேட்டரியின் பிளாஸ்டிக் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தால் பொத்தானை அழுத்தாமலே மின்சாரம் ஓடக்கூடும். சில குழாய்களில் பேட்டரியின் முனை நேராகக் காயில் தலையின் நடு ஊசியைத் தொடும். அந்த ஊசி போதுமான அளவு வெளியே நீட்டிக்கொண்டு இருக்காவிட்டால் நேரடி ஷார்ட்தான். பையில் வைத்திருக்கும்போது பொத்தான் அழுந்தினாலும் தடுப்பதற்கு எதுவும் இல்லை.

இது வெறும் அச்சமூட்டல் அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் செய்தியான 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்தது. எல்லா வகைக் கருவிகளும் அதில் அடக்கம். 133 பேர் காயமடைந்தார்கள். அவர்களில் 38 பேருக்குக் காயம் கடுமையானது. அதன்பின் 2018இல் ஃபுளோரிடாவில் ஒருவர் கருவி வெடித்து இறந்தார். அது சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் வகைக் கருவி என்று செய்திகள் கூறின. 2021இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உதிரியாக விற்கும் 18650 பேட்டரிகளை வாங்கவே வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது. தனியே கையாள்வதற்காக அவை தயாரிக்கப்படவில்லை, பாதுகாப்பு அமைப்போடு கூடிய பேட்டரித் தொகுப்புக்குள் பொருத்துவதற்கே தயாரிக்கப்பட்டவை என்பது அதன் விளக்கம். மெக் மாடோ அந்த உதிரி பேட்டரியை நம்பித்தான் இயங்குகிறது.

அப்படியானால் அந்த விலைக்கு என்னதான் கிடைக்கிறது? கைத்திறன் கிடைக்கிறது. ஒரு நல்ல கடைசல்காரரின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். மரை வழுக்கிக்கொண்டு சேர்வதும், செம்பு நாளாவட்டத்தில் நிறம் மாறுவதும் அழகுதான். அழகுக்காக ஒருவர் பணம் கொடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டால் அது அவர் விருப்பம். ஆனால் நல்ல ஆவியும் பாதுகாப்பும் சேர்த்து வாங்கிவிட்டோம் என்று நம்பிக் கொடுத்தால், அந்தப் பணம் வீண்.

நம் நேயர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு 2018இல் மின்சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019இல் இந்தியா முழுவதற்கும் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தும் குற்றம். முதல் முறை இறக்குமதி செய்து பிடிபட்டால் ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சிங்கப்பூரில் 2018 முதல் இதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இணையத்தில் பார்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் இதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

சிகரெட்டை விடுவதற்காகத்தான் இதைத் தேடுகிறேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. மின்சிகரெட் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பிரிட்டனில், புகைப்பவர்கள் சிகரெட்டைக் கைவிடுவதற்கு அதை ஒரு வழியாக மருத்துவத் துறை ஏற்கிறது. புகைக்காதவர்கள் தொடவே வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. 2023இல் அங்கே அரசு பத்து லட்சம் புகைப்பவர்களுக்குக் கருவி தரும் திட்டத்தை அறிவித்தபோது, தருவதாகச் சொன்னது தொடக்கநிலைக் கருவிகளையே. பழக்கத்தை விடுவதற்கு வேண்டியது மன உறுதியும், மருந்தும், பக்கத்தில் நின்று பேசும் ஒருவரும். இந்தியாவில் நிகோட்டின் சூயிங்கம்மும் தோலில் ஒட்டும் பட்டையும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. கட்டணமில்லாத தேசியப் புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800 11 2356. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கத்தான் போகிறேன் என்று சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருக்கும் உங்கள் உறவினர் ஒருவர் சொன்னால், அவரிடம் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். சர்க்யூட் உள்ள கருவியாக எடுக்கட்டும். உதிரி பேட்டரியைத் தவிர்க்க முடியாவிட்டால் அதை நம்பகமான கடையில் வாங்கட்டும். உறை கிழிந்த பேட்டரியை அன்றே ஒதுக்கட்டும். உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு சட்டைப் பையில் போடாமல் தனிப் பெட்டியில் வைக்கட்டும். இந்த நான்குக்கும் ஆகும் செலவு ஒரு செம்புக் குழாயின் விலையில் பாதிகூட வராது. உயிரைக் காப்பவை இவைதான்.