ஒற்றைச் செடியின் வாரிசுகள்

காபி உலகெங்கும் பரவியதற்கு ருசிதான் காரணம் என்பார்கள். ருசி குடிப்பவர்களைச் சேர்த்தது, சரி. தோட்டங்களைப் பெருக்கியது அந்தச் செடியின் சுபாவம். டச்சுக்காரர்கள் 1706இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரப் பூங்காவுக்கு ஒரு காபிச் செடியைக் கொண்டுவந்தார்கள். அதன் வாரிசு ஒன்று 1714இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகப் போனது. அமெரிக்கக் கண்டத்தில் பரவிய காபியில் பெரும்பங்கு இந்த வம்சம்தான். ஒரு செடி இத்தனை தோட்டமாகுமா? ஆகும். அராபிகா என்னும் இந்தக் காபி இனம் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். துணைச் செடி தேவையில்லை. ஏமனிலிருந்து நேரே ரீயூனியன் தீவுக்குப் போன கிளையும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அதுவும் பிழைத்த சில செடிகளின் பரம்பரைதான். இப்படிக் குறுகிய வம்சத்துக்கு நோய் தாங்கும் வலு ஏது? இலங்கையில், தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் வளர்ந்த காபித் தோட்டங்களில் 1869இல் இலைத் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த மலைகளில் காபி போய்த் தேயிலை ஏறியது.