கடுக்காயும் எருமைப்பாலும் கடல் கடந்த கதை

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோயில் கட்டின வரலாற்றை எங்களுக்கு முன் பேசிய பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகையால் நாங்கள் ஒரு பழைய புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்தோம். “பிரஞ்சுப் புத்தகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் உங்கள் வீட்டுக் கொடியில் காயும் சேலையில் இருக்கிறது.

அந்நாளில் கப்பலேறி ஆசியாவுக்கு வந்த சேசு சபைக் குருக்கள், தாங்கள் கண்டதையும் கேட்டதையும் ஐரோப்பாவுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். அவற்றைத் திரட்டி, 1702 முதல் 1776 வரை பாரீஸ் நகரில் 34 பாகங்களாக அச்சிட்டார்கள். ‘லெத்ர் எதிஃபியாந்த் எ க்யூரியூஸ்’ என்பது அதன் பெயர். ‘ஞான நன்மைக்கும் வியப்புக்கும் உரிய கடிதங்கள்’ என்று நாம் சொல்லலாம். கையடக்கமான சின்னப் புத்தகங்கள்தான். ஆனால் முதற்பதிப்பு முழு வரிசையாகக் கிடைப்பது இன்று அபூர்வம். திருச்சபையைக் கிண்டல் செய்தே பெயரெடுத்த வால்த்தேர்கூட அதைப் படித்துத் தம் நூல்களுக்கு விஷயம் எடுத்துக்கொண்டார் என்றால் பாருங்கள்!

சீன தேசத்துச் செய்தியும் அதில் உண்டு. நம் மதுரை மிஷன் செய்தியும் உண்டு. நம் ஊர்ப் பஞ்சாயத்து எப்படி வழக்குத் தீர்க்கிறது என்று பூஷே சுவாமியார் 1714-இல் ஒரு பாரீஸ் நீதிபதிக்கு விவரமாக எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் மனதை விட்டு அகலாதது, கேர்தூ சுவாமியார் 1742 ஜனவரி 18-ஆம் தேதி எழுதிய கடிதம். 1743-இல் வந்த 26-ஆம் பாகத்தில் அது இருக்கிறது. ஜெபத்தைப் பற்றியோ வேதசாட்சிகளைப் பற்றியோ அல்ல. துணிக்குச் சாயம் போடுவதைப் பற்றி!

வெள்ளைத் துணியை, கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்த வேண்டும். (எங்கள் பாட்டி கடுக்காயை வயிற்றுக்குத்தான் கொடுப்பார், துணிக்கும் கொடுப்பதுண்டு என்று யார் கண்டது!) பாலின் கொழுப்பு, மை ஊறிப் பரவாமல் தடுக்கும், பசும்பாலைவிட எருமைப்பாலே மேல். காகிதத்தில் சித்திரத்தை ஊசியால் குத்தி, துணிமேல் விரித்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் கோடு இறங்கும். இரும்பு ஊறிய புளித்த நீர் கறுப்புக்கு, படிகாரமும் சாயவேரும் சிவப்புக்கு, அவுரி நீலத்துக்கு. நீலம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடுவார்கள். பக்கத்துச் சின்னாளப்பட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த யுக்தி உடனே விளங்கும். முடிச்சு செய்கிற வேலையை அங்கே மெழுகு செய்தது. கடுக்காய், சாயவேர் என்ற நம் தமிழ்ப் பெயர்களையே பிரஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் சுவாமியார்.

இதை யார் சொன்னார்கள் அவருக்கு? அந்தத் தொழில் தெரிந்த கிறிஸ்தவர்கள். தாமே ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் என்கிறார். ஒவ்வொருவரையும் தனித்தனியே, பலமுறை விசாரித்தாராம். இங்கே சாயம் தோய்த்தவன் தன் தொழில் ரகசியத்தைக் குருவானவரிடம் மறைக்கவில்லை. அந்தப் பதில் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததா?

பிரான்சு அரசு 1686-இல் நம் சித்திரத் துணிகளைத் தடை செய்திருந்தது. அங்குள்ள நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று தடை. 1759-இல் தடை நீங்கியது. மறு வருஷமே வெர்சாய் பக்கத்தில் ழூய் என்ற ஊரில் ஓபர்காம்ப் என்பவர் பட்டறை தொடங்கி, அச்சுத் துணியில் பெரும் பேர் வாங்கினார். இந்த ஒரு கடிதத்தால் வந்த வினை என்று சொல்லுவது அநியாயம். 1734 வாக்கிலேயே போலியூ என்ற கடற்படை அதிகாரி புதுச்சேரியிலிருந்து துணி மாதிரிகளோடு குறிப்பெழுதிக் கொண்டுபோயிருக்கிறார். ஆனாலும், இந்தியாவில் கிடைக்கும் அறிவு ஐரோப்பாவின் தொழிலுக்கு உதவும் என்று கேட்டுத்தான் பாரீசிலிருந்து அவருக்கு எழுதினார்கள். அதை அவரே ஒளிக்காமல் சொல்லுகிறார். குருவானவர் செய்ததாயிற்றே என்று நாம் பூசி மெழுக வேண்டியதில்லை.

வேறொரு பக்கமும் உண்டு. 1869 வாக்கில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் செயற்கைச் சிவப்புச் சாயம் கண்டுபிடித்தார்கள். சாயவேரைத் தோண்டுவாரில்லாமல் போயிற்று. நம் முன்னோர் கைப்பழக்கமாக வைத்திருந்ததை, எழுதிவைக்கவில்லை. இன்று அந்தப் பழைய முறையைத் தேடுகிறவர்கள் கேர்தூ சுவாமியாரின் கடிதத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

அந்தக் கடிதத்தில் எருமைப்பாலுக்கு இடமிருக்கிறது. சொன்ன மனிதர்களின் பெயருக்கு இல்லை. ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்தவருக்கா பெயர் தெரியாது? கேட்பவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் சாயப்பட்டறையில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது இருந்தால், விருந்து முடிந்ததும் எங்களிடம் வாருங்கள். சாயவேரைக் கண்ணால் கண்டதுண்டா, உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டதுண்டா என்று கேட்க வேண்டும். நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறோம். முதலில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுவோம்.