உதவும் வரிசை யாருக்கு?



கருத்தரங்கில் தலைமை உரை என்றால் நன்றி சொல்லியே பாதி நேரத்தைக் கழித்துவிடுவது நம் வழக்கம். அந்தக் கடனை மாலையில் தீர்த்துக்கொள்கிறேன். நேற்றிரவு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ரயில் தாமதம். எட்டே முக்காலுக்கு உங்கள் விருந்தினர் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது சமையற்கட்டைப் பூட்டிவிட்டார்கள். நானும் பக்கத்துக் கட்டில் நண்பரும் ஆளுக்கொரு கைபேசியில் ஒரே உணவு ஆப்பைத் திறந்து, ஒரே சொல்லைத் தட்டினோம்: பரோட்டா. இரண்டு பட்டியல்கள் வந்தன. எனக்கு முதலில் நின்றது ஒரு சைவ உணவகம். அவருக்கு ஒரு பிரியாணிக் கடை. என் பட்டியலில் நாலாவதாக இருந்த கடையை அவர் விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் பதினேழாவது இடத்தில் கண்டுபிடித்தார். காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு, “கேட்டுக்கு எதிர்த்தாப்புலயே நல்ல பரோட்டாக் கடை இருக்கே சார்” என்றார். அந்தக் கடை இரண்டு பட்டியலிலும் இல்லை. அங்கேதான் சாப்பிட்டோம். சால்னா அருமை.

நான் நூலகத் துறைக்காரன். ஒருவர் ஒரு சொல்லோடு வந்து நிற்கும்போது எதை முதலில் எடுத்துக் காட்டுவது என்பதை யோசித்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன். இந்தக் கேள்வியை நம் நாட்டில் யாரும் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் அளவுக்கு அரைத்ததில்லை. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். 1933இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். நூல்கள் அலமாரியில் நிற்க வேண்டியது ‘உதவும் வரிசையில்’ என்பது அவர் கொள்கை. யாருக்கு உதவும் என்று அவரிடம் கேட்க வேண்டியதே இல்லை. வாசகருக்குத்தான். அலமாரிக்கு முன்னால் வேறு யாரும் நிற்கவில்லை.

உணவு ஆப்பின் அலமாரிக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள்: சாப்பிடுபவர், கடைக்காரர், வண்டியில் கொண்டுவருபவர், ஆப்பை நடத்தும் நிறுவனம். சொமேட்டோ 2008இல் ‘ஃபுடீபே’ என்ற பெயரில் தொடங்கியபோது உணவகங்களின் மெனு அட்டைகளைத் திரட்டி வைத்த இணையதளமாகத்தான் இருந்தது. எங்கள் மொழியில் சொன்னால் ஒரு நூற்பட்டி. ஆர்டரும் வண்டியும் கமிஷனும் வந்து சேர்ந்த பிறகு அதே பட்டியல் வேறு பொருளாகிவிட்டது. ஸ்விக்கி 2014இல் பெங்களூரில் தொடங்கும்போதே டெலிவரியாகத்தான் தொடங்கியது.

ஆப், நாம் கேட்டதை ஊரெல்லாம் தேடித் தருகிறது என்று நினைக்கிறோம். ஆனால் நாம் சொல்லைத் தட்டும் முன்பே பெரும்பாலான கடைகள் கழிந்துபோயிருக்கும். நாம் இருக்கும் இடத்துக்கு எந்தெந்தக் கடையிலிருந்து நேரத்துக்குள் சோறு வந்து சேரும் என்று முதலில் ஒரு வட்டம் போடுகிறார்கள். அது காம்பஸ் வைத்துப் போட்ட வட்டமல்ல. குறுக்கே ஆறோ ரயில்வே கேட்டோ இருந்தால் அந்தப் பக்கம் சப்பிப்போய்விடும். மழை பிடித்தால் வண்டிகள் குறையும், வட்டம் சுருங்கும். முந்தின நாள் ஆறு கிலோமீட்டர் தாண்டி வந்த ஆப்பம் அன்றைக்குப் பட்டியலிலேயே இருக்காது. கடைக்காரரோ மழையினால் சனங்களுக்குப் பசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

மிஞ்சிய கடைகளுக்கு மதிப்பெண் போடுவது அடுத்த கட்டம். இந்த ஆளுக்கு இந்த வேளையில் இந்தக் கடையைக் காட்டினால் தொடுவாரா, தொட்டால் ஆர்டர் போடுவாரா, போட்டால் எத்தனை ரூபாய்க்கு, சொன்ன நேரத்துக்குக் கடையிலிருந்து பொட்டலம் வெளியே வருமா என்று பழைய தரவை வைத்து ஊகம் செய்கிறார்கள். காலையில் இட்லிக் கடை மேலே ஏறுவதும், போன வாரம் வாங்கிய கடை மறுபடி தலைகாட்டுவதும் இதனால்தான். வீட்டுக்கு ஒரே கணக்கு என்றால் கூத்துதான்: பேரன் ராத்திரி பதினொரு மணிக்கு வாங்கிய கொத்துப் பரோட்டாவை மனத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் பாட்டிக்கு ஆப் அதையே பரிந்துரைக்கும்.

ரேட்டிங் பற்றியும் ஒரு கணக்கு. நாலே பேர் ஐந்துக்கு ஐந்து கொடுத்த கடை மேலா, ஐயாயிரம் பேர் சராசரியாக 4.3 கொடுத்த கடை மேலா? நேர்ச் சராசரியில் முதல் கடை. ஆனால் புள்ளியியலார் எல்லாக் கடைக்கும் தொடக்கத்திலேயே ஊர்ச் சராசரியில் சில கற்பனை வாக்குகளைப் போட்டுவிடுவார்கள். 3.8 என்று ஐம்பது வாக்குகள் போட்டால், முதல் கடை 3.89க்கு இறங்கும், இரண்டாவது கடை 4.3ஐ ஒட்டியே நிற்கும். நியாயமான கணக்குதான். ஆனால் நேற்றுக் கடை திறந்தவர் அந்த ஐம்பது கற்பனை வாக்கைக் கரைத்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். மேலே வராமல் வாக்கு எப்படி வரும்? இதற்காகத்தான் புதுக் கடைகளை இடையிடையே மேலே காட்டிச் சோதித்துப் பார்க்கும் முறைகளைச் சேர்க்கிறார்கள். உண்பவர், கடை, வண்டிக்காரர் மூவரையும் சேர்த்து எடைபோடுவது பற்றி ஊபர் ஈட்ஸ் பொறியாளர்கள் 2018இல் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

இனி, இடத்தின் கதை. மேலே இருப்பதாலேயே ஒன்று நல்லதாகத் தெரிந்துவிடும் என்பதை தார்ஸ்டன் ஜோக்கிம்ஸ் குழுவினர் கார்னெல் மாணவர்களை வைத்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். கூகுள் தந்த முடிவுகளின் வரிசையை, மாணவர்களுக்குத் தெரியாமல், மாற்றி வைத்தார்கள். கீழே இருந்தது மேலே வந்த பிறகும் மாணவர்கள் மேலே இருப்பதை நோக்கியே சாய்ந்தார்கள்.

இதைப் பிரியாணிக்குக் கொண்டுவருவோம். ஒரே தரத்தில் இரண்டு கடை. இரண்டையும் பார்ப்பவர்களில் பத்தில் ஒருவர் வாங்குவார். நூறு பேர் ஆப்பைத் திறக்கிறார்கள். முதலிடத்துக் கடை நூறு பேர் கண்ணிலும் படும். எட்டாமிடத்துக் கடை நாற்பது பேர் கண்ணில் மட்டும். பத்து ஆர்டர், நாலு ஆர்டர். ராத்திரி எந்திரம் கணக்கைப் புரட்டுகிறது: முதல் கடைதான் நல்ல கடை, நாளைக்கும் அதுவே மேலே. நாளைக்கும் பத்து, நாலு. பார்த்தவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் இரண்டும் சமம் என்று தெரிந்துவிடும், வழி உண்டு. ஆனால் எத்தனை பேர் உண்மையில் பார்த்தார்கள் என்று அறிய, வரிசையை அவ்வப்போது வேண்டுமென்றே கலைத்துப் பார்க்க வேண்டும். கலைக்கிற ஒவ்வொரு முறையும் நிறுவனம் சில ஆர்டரை இழக்கலாம். அந்தச் செலவை யார் ஏற்பது என்பது கணினிக் கேள்வி இல்லை. அதனால்தான் கணினி அறிவியல் துறையோடு சேர்ந்து இந்தக் கருத்தரங்கை நடத்தும் வணிகவியல் துறையும் இங்கே உட்கார்ந்திருக்கிறது.

முதலிடத்துக்கு மேலேயும் ஓர் இடம் உண்டு: விளம்பர இடம். தொகை கட்டிய கடை அங்கே நிற்கும். பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் விளம்பரம் என்று இருக்கும். விளம்பரத்தை மற்றதுபோல் வேடமிட்டுக் காட்டுவதை மத்திய அரசின் 2023 நவம்பர் நெறிமுறைகள் பதின்மூன்று ஏமாற்று வடிவங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. எறும்பளவு எழுத்து வேடமா, இல்லையா என்று மாலை அமர்வில் நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இது புதுப் பிரச்சினை என்று இளையவர்கள் நினைக்க வேண்டாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ‘சேபர்’ என்ற முன்பதிவுத் திரையை 1970களில் பயண முகவர்களின் மேசைக்குக் கொண்டுபோனது. முகவர்கள் பெரும்பாலும் முதல் திரையிலேயே டிக்கெட் போட்டுவிடுவார்கள். அந்த முதல் திரையில் திரைக்குச் சொந்தக்காரரின் விமானங்கள் முன்னே வந்தன. போட்டியாளர்கள் கூச்சல் போட்டபின், 1984இல் அந்நாட்டு விமான வாரியம், வரிசைப்படுத்தும்போது எந்த நிறுவனத்தின் விமானம் என்பதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று விதி போட்டது. இருபது ஆண்டு இருந்து 2004இல் அந்த விதி காலாவதியானது. நம் நாட்டில், தேசிய உணவகச் சங்கத்தின் புகாரின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் இரு பெரிய தளங்கள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. தளமே சமையலறைத் தொழிலிலும் கை வைத்தால் வரிசை நடுநிலையாக இருக்குமா என்பது அதிலுள்ள கேள்விகளில் ஒன்று. சேபர் கதையேதான், விமானத்துக்குப் பதில் பிரியாணி.

தமிழில் நாம் பேசுவதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. வட்டத்துக்குள் இருக்கும் கடைக்கும் மதிப்பெண் வருவதற்கு முன் சொல் பொருந்த வேண்டும். நாம் தமிழ் உணவை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். கடைக்காரரும் ஆங்கில எழுத்தில்தான் மெனு ஏற்றுகிறார். இருவரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. ரஷ்யக் கணிதர் லெவன்ஷ்டைன் 1965இல் தந்த அளவை இன்றும் எழுத்துப் பிழை திருத்தத்துக்கு அடிப்படை: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்று எண்ணுவது. ‘குழம்பு’ என்பதில் ழகரத்துக்கு இசட், எச் என்று இரண்டெழுத்துப் போடுவார் ஒருவர். எல் என்ற ஓரெழுத்துப் போடுவார் இன்னொருவர். இசட்டை எல் ஆக்கி, எச்சை நீக்க வேண்டும்: தூரம் இரண்டு. இப்போது ‘பரோட்டா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வடக்கத்திப் ‘பராத்தா’ ஆக்க ஓ என்ற எழுத்தை ஏ ஆக்கி, இரண்டாவது டீயை எச் ஆக்கினால் போதும்: தூரம் அதே இரண்டு. ஒரே குழம்புக்கு இரண்டு, இருவேறு பண்டத்துக்கும் இரண்டு! இரண்டு வரை பிழை என்று எந்திரம் மன்னித்தால் பரோட்டா கேட்டவருக்கு ஆலு பராத்தா வரும். மன்னிக்காவிட்டால் குழம்புக் கடை காணாமல் போகும்.

ஒலியை வைத்துப் பொருத்தலாம் என்பவர்களுக்கு: 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ‘பரோட்டா’வின் முதலெழுத்தை நம்மவரில் சிலர் பேப்பரின் பி என்றும் வேறு சிலர் பரோடா வங்கியின் பி என்றும் எழுதுகிறார்கள். முதலெழுத்து வேறு, எனவே குறியீடும் வேறு. தமிழில் ஓர் எழுத்துதான் அது!

சொல் பொருந்தினாலும் பொருள் வழுக்கும். நமக்கு ‘டிபன்’ இட்லி, தோசை, பொங்கல். மும்பையில் அது மதியச் சாப்பாட்டுத் தூக்கு. ‘மீல்ஸ்’ நமக்கு இலை போட்ட சாப்பாடு. ஆங்கில அகராதிக்கு எந்தச் சாப்பாடும் மீல்ஸ்தான். ஊர் வழக்குத் தெரியாத ஒருவரிடம் காசு கொடுத்து மெனுவை ஏற்றும் சிறு மெஸ்காரர் இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார். விளம்பரத்துக்கும் கமிஷனுக்கும் வெகு முன்னாலேயே. இந்தச் சொற்பட்டியலை யாராவது உட்கார்ந்து தொகுக்க வேண்டும். தமிழ்த் துறையிலிருந்து யாரும் வரவில்லை என்பதை அழைப்பிதழைப் பார்த்தபோதே கவனித்தேன். அடுத்த முறை கூப்பிடுங்கள்.

சட்டம் ஏற்கெனவே ஒன்றைக் கேட்டிருக்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பனையாளர்களை வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்கள் எவை, எதற்கு எவ்வளவு எடை என்பதை எளிதில் புரியும் மொழியில் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே போன்ற ஒழுங்குமுறை அதே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. எளிதில் புரியும் மொழி என்றால், மதுரையில் மெஸ் நடத்துபவருக்கு எது?

ரங்கநாதனின் வரிசையோடு ஒருவர் மாறுபடலாம். பகுப்பு நூல் அச்சில் இருந்தது, பக்க எண் காட்டிச் சண்டை போடலாம். நேற்றிரவு நான் பார்த்த வரிசை இன்று காலை இல்லை. ஆகவே நம் முதல் வேலை பதிவு செய்வது. சாண்ட்விக்கும் மூன்று சக ஆய்வாளர்களும் நெறிநிரல்களை, அதாவது அல்காரிதங்களை, வெளியிலிருந்து தணிக்கை செய்வது பற்றி 2014இல் எழுதிய கட்டுரையை மாணவர்கள் படியுங்கள். சேபரும் அதில் வருகிறது. நம் சோதனை இப்படி இருக்கட்டும்: ஐம்பது கைபேசி, ஒரே நிமிடம், ஒரே சொல், புதுக் கணக்கும் பழைய கணக்கும், கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும். ஒரே நிபந்தனை: சோதனைக்காக ஆர்டர் போட்டு ரத்து செய்யாதீர்கள். அடுப்பில் ஏறியது ஒருவர் சோறு, வண்டியில் ஏறியது இன்னொருவர் பெட்ரோல்.

நேற்றிரவு எட்டு ஐம்பதுக்கு எடுத்த இரண்டு திரைப்பிடிப்புகளையும் கருத்தரங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஒன்று என்னுடையது, ஒன்று நண்பருடையது. மூன்றாவதாக, காவலாளி சொன்ன கடையின் பலகையையும் படமெடுத்திருக்கிறேன். அதில் பரோட்டாவைத் தமிழில்தான் எழுதியிருக்கிறார்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.