குருதி உறையும் நோயும் மரபின் அடையாளங்களும்

திருகோணமலைத் துறைமுகம் 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கியது. மாலுமிகள் வந்திறங்கும் இத்தகைய ஊர்களில் மேகநோயை அறியும் இரத்தச் சோதனைக்குச் சென்ற நூற்றாண்டில் பெருமதிப்பு இருந்தது. மாட்டின் இதயத்திலிருந்து பெறும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருள் அச்சோதனைக்கு வேண்டும். அந்நோய் அறவே இல்லாத சிலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, ‘நோய் உண்டு’ என்றே விடை வந்தது. குற்றமற்ற எத்தனை குடும்பங்களில் அது ஐயத்தை விளைத்திருக்கும்!

அப்பிழைக்கும் ஒரு காரணம் இருந்தது. உடலின் சொந்தக் கொழுப்புகளையும் அவற்றோடு பிணைந்த புரதங்களையும் பகையெனக் கருதும் எதிர்ப்பொருள்கள் சிலரின் குருதியில் தோன்றுகின்றன. அவற்றால் குருதி வேண்டாத வேளையிலும் கட்டிபடும். காலின் நாளத்தில் அடைப்பு, இளவயதிலேயே பக்கவாதம், மீண்டும் மீண்டும் கருச்சிதைவு ஆகியன நேரும். 1983இல் இலண்டன் வைத்தியர் கிரகாம் ஹியூஸ் இவற்றை ஒரே நோயாக இணைத்துக் காட்டினார்.

இந்நோயை அறியும் சோதனை ஒன்றுக்கு உதவுவது, திருகோணமலைப் பற்றைக்காடுகளில் விறகு வெட்டுவோர் அஞ்சும் கண்ணாடிப் புடையனின் நஞ்சு! அதனை மிக நீர்த்துக் குருதிநீரிற் சேர்த்து, உறையும் நேரத்தை அளப்பர். தியாகராஜன் முதலிய மூவர் 1986இல் இம்முறையை வெளியிட்டனர். உடலுள் விரைந்து உறையும் அக்குருதி, சோதனைக் குழாயில் தாமதித்தே உறைகிறது. உறைதற்கு வேண்டிய கொழுப்பை எதிர்ப்பொருள் பற்றிக்கொள்வதே காரணம்.

ஒருவருக்கு மட்டும் இது வருவானேன்? உயிரணுக்களின் மீது எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்கள் உள. 1958இல் பிரெஞ்சு அறிஞர் ஜான் தோசே இவற்றுள் முதலாவதைக் கண்டார். தாய்வழி ஒரு தொகுதியும் தந்தைவழி ஒரு தொகுதியுமாக வருவன இவை. தன்னது எது, அயல் எது என்று காவலணுக்களுக்கு உணர்த்துவன. டி.ஆர்.4, டி.ஆர்.7 என்ற வகைகள் இந்நோயாளரிடம் சற்று மிகுதி என ஐரோப்பிய ஆய்வுகள் சில கூறின. எனினும் அவ்வகை உடையோருட் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். சம்பந்தம் பேசும் வீடுகளில் ‘குலக்குறை’ என்று சொல்ல இதில் இடமில்லை.

மூதூரிலாயினும் நகரிலாயினும், கரு நிலையாத பெண்ணை இராசியற்றவள் என்று ஒதுக்குமுன் எதிர்ப்பொருட் சோதனையைச் செய்விக்கலாம். தொற்றுநோய்களாலும் அப்பொருள்கள் தோன்றி மறைவதுண்டு. ஆதலின் 12 வாரங் கழித்து மறுமுறையும் பார்ப்பர். நோய் உறுதியானால், வைத்தியர் மேற்பார்வையில் சிற்றளவு அஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் பெற்றுப் பிள்ளையோடு வீடு திரும்பியோர் பலர். வார்பரின் மருந்தோ கருவைத் தாக்கும். அதனை உண்டுவரும் பெண் கருவுற விரும்பின், முன்னரே வைத்தியரிடம் கூறல் வேண்டும்.